பயன்பெற்றவர் எவரும்

ஜனவரி 12

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தொலைபேசியில் அழைக்காமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் கோபம் அன்று, முன்னெச்சரிக்கை. சென்ற முறை நாம் பேசியபின், நான் சொல்லாத இரண்டு விஷயங்களை நான் சொன்னதாக என் தங்கையிடம் தெரிவித்திருந்தீர்கள். எழுத்தில் இருந்தால் அந்த வசதி உங்களுக்கும் இருக்காது, எனக்கும் இருக்காது.

நேற்று என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. உயர்கல்விச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் சட்டத்துக்கு முன்வரைவு எழுத வேண்டுமாம். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான மானியம் நிறுத்தப்படும். மாணவர்கள் முழுக் கட்டணத்தையும் வங்கிக் கடனாகப் பெற்றுச் செலுத்துவார்கள். ஒவ்வொரு கடனுக்கும் இரண்டு பிணையாளர்கள் கையெழுத்திடுவார்கள். கூடவே முப்பது பக்கக் கொள்கைக் குறிப்பு. அதில் 'செயல்திறன்' என்ற சொல் எல்லாப் பக்கங்களிலும் இருந்தது. 'மாணவர்' என்ற சொல்லைத் தேட வேண்டியிருந்தது. நடையைப் பார்த்ததுமே ஐயம் எழுந்தது. கடைசிப் பக்கத்தில், நம் அரசுக்குக் கடன் தரும் வெளிநாட்டு நிதி நிறுவனத்தின் ஆலோசகர் என்ற முறையில் உங்கள் கையெழுத்து இருந்தது.

என் மகள் அரசுப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் முதலாண்டு படிக்கிறாள். இந்தச் சட்டம் வந்தால் அடுத்த ஆண்டு அவளால் தொடர முடியுமா என்பது, இரண்டு பேர் என் பொருட்டுத் தங்கள் வீட்டை ஈடுவைக்கத் துணிவார்களா என்பதைப் பொறுத்தது. துணிய மாட்டார்கள். ஆகவே இந்தக் கோப்பைக் கையாள்வதில் எனக்குச் சொந்த நலன் உண்டு என்று செயலாளருக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "பொண்ணு அங்கேயே படிக்குதா? அப்ப உங்களுக்கு விஷயம் சீக்கிரம் புரியும். எழுதுங்க" என்றார். ஆலோசகர் எந்த வடிவில் பதில் தந்தாலும் அதுவே துறையின் கட்டளை என்றும் குறித்துக் கொடுத்தார்.

எனவே இரண்டு விளக்கங்கள் தேவை. குறிப்பில் "பயன்பெற்றவரே செலவை ஏற்க வேண்டும்" என்கிறீர்கள். பயன்பெற்றவர் யார், எந்தத் தேதியிலிருந்து? பிணையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டா?

தங்கைக்கு என் அன்பு.

*

பிப்ரவரி 2

மச்சான்,

உங்கள் கடிதம் கிடைத்தது. அஞ்சல்தலை ஒட்டி, உறையின் ஓரத்தைப் பசையால் மூடி, அதன்மேல் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் உங்களைக் 'காற்புள்ளி' என்று கூப்பிடுகிறார்கள் என்று உங்கள் தங்கை சொன்னபோது நான் நம்பவில்லை. அவர்கள் மரியாதையோடு கூப்பிட்டிருக்கிறார்கள்.

உங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாலு நன்றாகப் படிக்கட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். கட்டடத்தில் மணல் சுமக்கிறவன் தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டுகிறான். அவன் பிள்ளை பள்ளியைத் தாண்டியதில்லை. அவன் கட்டும் வரியில் சட்டத்துறை அதிகாரியின் மகள் மாட்டுக்கு ஊசி போடக் கற்கிறாள். இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்? சமூக நீதியா? ஏழை கொடுத்து வசதியுள்ளவன் படிப்பதை நிறுத்தச் சொன்னால், நான் வெளிநாட்டுக் கைக்கூலி. இதையே தொடர்ந்து செய்துகொண்டிருந்தால் நீங்கள் தேசபக்தர்.

உங்கள் விளக்கங்களுக்கு வருகிறேன். கொள்கைக்குத் தேதி எதற்கு மச்சான்? அரசுப் பணத்தில் பட்டம் பெற்றவர் எவரும் பயன்பெற்றவர். அவ்வளவுதான். பிணைக்கு வரம்பு வைத்தால் எந்த வங்கியும் வராது. ஆகவே வரம்பு இல்லை.

சட்டம் எழுதுவது துணி தைப்பது மாதிரி. அளவு கொடுப்பது நாங்கள். கத்திரி பிடிக்கிறவர், ஆளுக்கு ஏன் தொப்பை என்று கேட்கக் கூடாது.

"எங்க அண்ணன்கிட்ட வாயைக் குடுக்காதீங்க. அவரு பதில் சொல்ல மாட்டாரு, குறிச்சு வச்சுப்பாரு" என்று உங்கள் தங்கை சமையலறையிலிருந்து சொல்கிறாள். குறித்துக்கொள்ளுங்கள்.

*

பிப்ரவரி 20

மாப்பிள்ளை அவர்களுக்கு,

குறித்துக்கொண்டேன். குடும்ப விஷயங்களை மறைத்துவிட்டு, உங்கள் கடிதத்தின் மூன்றாம் பத்தியைப் படியெடுத்துக் கோப்பில் சேர்த்துள்ளேன்.

மணல் சுமப்பவரைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. மறுக்க மாட்டேன். ஆனால் அதிகாரியிடம் வாங்க வேண்டியதை வாங்குவதற்கு வருமான வரி என்று ஒரு சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதையும் இந்த அறையில்தான் எழுதினார்கள். அதை ஒழுங்காக வசூலிக்க எவருக்கும் மனமில்லாததால், மணல் சுமப்பவரின் பிள்ளை என்றாவது பல்கலைக்கழக வாசலுக்கு வந்தால் அந்தப் பிள்ளையிடமும் இரண்டு பிணையாளர்களைக் கேட்கலாம் என்கிறீர்கள். அவருக்காக நீங்கள் வடிக்கும் கண்ணீரில் அவருடைய சட்டைகூட நனையாது.

முன்வரைவைத் தட்டச்சு செய்பவர் எங்கள் பிரிவில் வெகுகாலமாக இருக்கும் ஓர் அம்மாள். கணவர் இல்லை. ஒரே மகள் இந்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். மருந்தியல் படிக்க வேண்டுமாம். அம்மாளுக்கு ஒரு பழக்கம்: தட்டச்சு செய்வதை வாய்விட்டுப் படிப்பார். ஒன்பதாம் பிரிவுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"ஐயா, பிணையாளர் செத்துப்போனாலும் பொறுப்பு தொடரும்னு இருக்கு. அப்புறம் எந்த அட்ரசுக்கு நோட்டீஸ் போகும்?"

"வாரிசுகளுக்கும்மா."

"நல்லது. மேல அனுப்புவாங்களோன்னு நினைச்சேன்."

இப்போது முறைப்படி மீண்டும் கேட்கிறேன். ஓர் ஐயத்தை இரண்டு முறை எழுத்தில் கேட்பது இந்த அலுவலகத்தின் வழக்கம். இரண்டாம் பதில் எதுவோ, அது அப்படியே சட்டமாகும். மூன்றாம் முறை கேட்பதில்லை. "பட்டம் பெற்றவர் எவரும்" என்பதில் கால வரையறை வேண்டாம் என்பது உங்கள் முடிவான கருத்தா? அப்படியானால் பிரிவு என்ன பொருள் தரும் என்பதை யோசித்துப் பதில் எழுதவும்.

*

மார்ச் 9

மச்சான்,

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டும். என் வேலை உங்களுடையதைப் போல ஒரே நாற்காலியில் ஓய்வு பெறுகிற வேலை இல்லை.

யோசித்தேன். வேண்டாம். எவரும் என்றால் எவரும். தேதி, விதிவிலக்கு, 'இருப்பினும்', 'எனினும்' எல்லாம் சேர்த்துத்தான் இந்த நாட்டில் ஒவ்வொரு சீர்திருத்தத்தையும் உங்களைப் போன்றவர்கள் கொன்றிருக்கிறீர்கள். நான் எழுதியதை வார்த்தைக்கு வார்த்தை போடுங்கள். மேற்கொண்டு கேட்டால் செயலாளரிடம் வேறு ஆளைக் கேட்பேன். அது வாலுவுக்கும் நல்லதில்லை.

*

ஏப்ரல் 17

மாப்பிள்ளை அவர்களுக்கு,

வார்த்தைக்கு வார்த்தை போட்டேன். சென்ற செவ்வாய்க்கிழமை முன்வரைவு அமைச்சரவைக்குச் சென்றது. விளக்கம் தர என்னையும் அழைத்திருந்தார்கள். நடந்ததை நீங்கள் வேறு எவரிடமிருந்தாவது கேட்பதற்குள் நானே தெரிவிப்பது முறை.

உங்கள் கொள்கைக் குறிப்பை எவரும் பிரித்திருக்கவில்லை. சட்டத்தைப் படித்தவரும் ஒருவர்தான், நிதி அமைச்சர்.

"ஏங்க, மூணாம் பிரிவுல 'பட்டம் பெற்றவர் எவரும்'னு இருக்கே. எவரும்னா?"

"எவரும்தான் ஐயா."

"நான் பட்டம் வாங்கி முப்பது வருஷம் ஆச்சே."

"பிரிவில் கால வரையறை இல்லை ஐயா."

அறையில் காகிதம் புரளும் ஓசை கேட்டது. சுகாதார அமைச்சர் மருத்துவர் என்பது உங்களுக்குத் தெரியும். "அப்ப நானும் கட்டணுமா?" என்றார். "மருத்துவப் படிப்புக்குச் சற்றுக் கூடுதலாக வரும் அம்மா" என்றேன். "எங்க பிணையாளர் யாரு? நாங்க இப்ப யாரைத் தேடிப் போறது?" என்று இன்னொருவர் உண்மையான கவலையுடன் கேட்டார். பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்ட விவசாய அமைச்சர் மட்டும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "எங்கப்பா படிக்க வைக்கலைன்னு இத்தனை நாளா அவரைத் திட்டிட்டு இருந்தேன்யா. பாவம், மனுசன் எவ்வளவு யோசிச்சிருக்காரு."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஆலோசகரைக் கேட்டிருக்கக் கூடாதா?"

"இரண்டு முறை கேட்டேன். இரண்டு பதில்களும் கோப்பில் உள்ளன."

உங்கள் பதில்களை உரக்கப் படித்தார்கள். கொள்கைக்குத் தேதி எதற்கு என்ற வாக்கியத்தை நிதி அமைச்சர் இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். பிறகு கட்டளை வந்தது: "பட்டம் வாங்கினவங்க யாரும் இதுக்குள்ள வரக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள மாத்திக் கொண்டு வாங்க."

நாட்டின் உயர்கல்வியைப் பற்றி அந்த அறையில் நடந்த விவாதம் இதுதான். மானியத்தை நிறுத்தலாமா, கட்டணம் தர இயலாதவர் என்ன செய்வார், வரம்பற்ற பிணை நியாயமா என்று எவரும் கேட்கவில்லை. தம்மைத் தொடாது என்பது உறுதியானதும் சட்டம் மிகச் சிறந்த சட்டமாகிவிட்டது. மாற்றி எழுதினேன். ஏற்கப்பட்டது. நாடாளுமன்றத்துக்குப் போகிறது.

பட்டம் பெற்ற முறையில் நீங்களும் தப்பித்தீர்கள். வாழ்த்துகள்.

*

மே 15

மச்சான்,

ஒரு மாதம் உங்களுக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். என் நிறுவனத்தில் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் நாட்டு அமைச்சரவை உங்களைப் பார்த்துச் சிரிக்கிறதாமே" என்று கேட்டார்கள். இருபது வருட வேலை. ஒரு வாக்கியத்தை நீங்கள் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கைகட்டி நின்றிருக்கிறீர்கள். கேட்டால் 'வழக்கம்' என்பீர்கள்.

ஆனால் நேற்று அச்சான முன்வரைவு வந்தது. உங்களிடமிருந்து கற்றுக்கொண்டு நானும் வார்த்தைக்கு வார்த்தை படித்தேன்.

அமைச்சரவை விலக்கு கேட்டது பட்டம் பெற்றவர்களுக்கு. நீங்கள் எழுதியிருப்பது: "பட்டம் பெற்றவர்களுக்கும், இச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் சேர்க்கை பெற்றவர்களுக்கும்." சேர்க்கை பெற்றவர் என்று யார் சொன்னது மச்சான்? எந்தக் கோப்பில் இருக்கிறது? எத்தனை முறை கேட்டீர்கள்?

இனிமேல் வருகிற பிள்ளைகள் கட்டுவார்கள். இந்த வருடம் உள்ளே இருக்கிற பிள்ளைகள் கட்ட மாட்டார்கள். கால்நடை மருத்துவம் முதலாண்டு உள்ளே இருக்கிறது. கோபமே வரவில்லை. சிரிப்புதான் வந்தது. உங்கள் தங்கையிடம் சொன்னேன், "உங்க அண்ணன் நம்ம ஆளாயிட்டாருடி" என்று.

பயப்படாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன். குடும்பம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

*

ஜூன் 28

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் பெருந்தன்மை தேவைப்படவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே, அந்தச் சொற்களைக் கட்டளையின்றி நானே சேர்த்தேன் என்று செயலாளருக்கு எழுத்தில் கொடுத்தேன்.

அவற்றைச் சேர்த்தபோது என் மகளை நினைத்தேனா என்று நீங்கள் கேட்கவில்லை, முடிவே செய்துவிட்டீர்கள். நினைத்தேன். படிப்பின் நடுவே நிற்கும் மற்றவர்களையும் நினைத்தேன். ஆனால் வரிசையில் அவள்தான் முதலில் நின்றாள். என் பணிக்காலத்தில், எவரும் சொல்லாத சொல்லை நான் எழுதியது அந்த ஒரு மாலையில்தான்.

செயலாளர் என் குறிப்பைப் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தண்டனையை எதிர்பார்த்து நின்றேன்.

"இதைத் திருத்தணும்னா, சேர்ந்தவங்க எல்லாரும் கட்டணும். அப்படித்தானே?"

"ஆமாம் ஐயா."

"என் பையன் பொறியியல் மூணாவது வருஷம். அமைச்சர் வீட்டுல ரெண்டு பேரு உள்ள இருக்காங்க." என் குறிப்பை நான்காக மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நல்ல சட்டம். இதைப் போய்க் கெடுப்பானேன்."

நான் செய்த தவறு இப்படித்தான் அரசின் கொள்கை ஆயிற்று. நேர்மையால் அன்று, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்ததால். சட்டம் நிறைவேறியது. மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க காலேஜ்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கப்பா. என்னை 'சட்டத் திருத்தம்'னு கூப்பிடுவாங்க" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

சென்ற வாரம் தட்டச்சு செய்யும் அம்மாள் ஒரு தாளை என் மேசையில் வைத்தார்.

"கையெழுத்துக்கு ஐயா."

"எந்தக் கோப்பு?"

"கோப்பு இல்லை. என் பொண்ணு."

மருந்தியலில் இடம் கிடைத்துவிட்டது. அது பிணைப் படிவம். மாதக் கடைசிக்குள் வேண்டாம், இரண்டு மாதம் தருகிறோம் என்று பல்கலைக்கழகம் கருணை காட்டியிருக்கிறது. தவறினால் இடம் போய்விடும்.

"தெரிஞ்சவங்க நாலஞ்சு பேரைக் கேட்டேன்யா. ஒன்பதாம் பிரிவைப் படிச்சிட்டு எல்லாரும் டீ குடுத்து அனுப்பிட்டாங்க."

"நான் இதுவரைக்கும் யாருக்கும் பிணை போட்டதில்லைம்மா."

"தெரியும். போட்டிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டீங்க."

நான் எழுதிய பிரிவை முதன்முறையாக, அதில் மாட்டிக்கொள்ளப் போகிறவன் படிப்பதுபோல் படித்தேன். ஓட்டையே இல்லை. நன்றாக எழுதியிருக்கிறேன். கையெழுத்திட்டேன்.

இன்னொரு பிணையாளர் தேவை. சொந்த வருமானம் உள்ள எவரும் போதும். வெளிநாட்டில் வசிப்பது தடையன்று. படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அந்தப் பெண்ணின் தகப்பனார் உயிரோடு இருந்தவரை கட்டடங்களுக்கு மணல் சுமந்தவர் என்று அம்மாள் சொன்னார். அவர் கட்டிய வரியில் உங்களுக்கு அக்கறை உண்டு என்பதால் உங்களைக் கேட்கிறேன்.

*

ஜூலை 20

மச்சான்,

இது என் வேலைக்கு ஒத்துவராது. நான் ஆலோசனை சொன்ன திட்டத்தில் நானே பிணையாளராக இருந்தால் நலன் முரண்பாடு என்று எங்கள் நிறுவனத்தில் விதி இருக்கிறது. உங்களுக்கே புரியும். மேலும் இங்கே ஒரு வழக்கறிஞரிடம் படிவத்தைக் காட்டினேன். இப்படி ஒரு பிணையில் புத்தியுள்ள யாரும் கையெழுத்திட மாட்டார்கள் என்றார்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு யோசனை: தொழிற்பயிற்சி. சீக்கிரம் சம்பாதிக்கலாம். அது பற்றி எங்கள் அலுவலகம் வெளியிட்ட சிறுநூலை அனுப்புகிறேன். அட்டைப்படம் அழகாக இருக்கும்.

படிவத்தைத் திருப்பி அனுப்பலாம் என்று தேடினால் மேசையில் காணவில்லை. உங்கள் தங்கை இரண்டு நாளாக என்னிடம் பேசுவதில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

*

ஆகஸ்ட் 14

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சிறுநூல் வந்தது. அட்டைப்படம் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

நான்கு நாள் கழித்துப் படிவமும் தனி உறையில் வந்து சேர்ந்தது. இரண்டாம் பிணையாளர் என்ற இடத்தில் என் தங்கையின் கையெழுத்து உள்ளது. அங்கே நூலகத்தில் அவள் வாங்கும் சம்பளத்துக்கான சான்றையும் இணைத்திருக்கிறாள். படிவத்தை இன்று காலை நானே பல்கலைக்கழகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெற்றேன். அந்தப் பெண் திங்கட்கிழமை வகுப்பில் சேர்கிறாள். அவளுடைய தாயார் உங்கள் மனைவிக்கு நன்றி சொல்லச் சொன்னார். உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். அதைத் தட்டச்சு செய்ய வேண்டாம் என்றும் சொன்னார்.

பிணையாளரின் கையெழுத்துக்குக் கீழே சாட்சியின் கையெழுத்து இருக்கிறது. அது உங்களுடையது. சற்றுக் கோணலாக விழுந்திருக்கிறது. பேனாவை எவரோ கையில் திணித்தபின் நின்றுகொண்டே போட்டதுபோல் தெரிகிறது. உறையில் உங்கள் கடிதம் எதுவும் இல்லை. இதுபற்றி உங்களுக்கு உறக்கம் கெட்டிருக்கலாம் என்பதால், நீங்கள் கேட்காவிட்டாலும், சட்டத்தை எழுதியவன் என்ற முறையில் எழுத்துமூலம் உறுதியளிக்கிறேன்:

இச்சட்டத்தின் எந்தப் பிரிவின்படியும் சாட்சிக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது.